நின்றுகொண்டிருக்கும் நேயர்கள்

கொம்புக்குளம் நாட்டுப்பாடல் வானொலி நிலையம் தொடங்கி நாற்பத்தெட்டு வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு பாட்டும் போகவில்லை. பாட்டை விரும்பிக் கேட்ட நேயர்களின் பெயர்களை முதலில் வாசிப்பது முறை. அது இன்னும் முடியவில்லை.

யாரும் குறை சொன்னதில்லை. ஏழு இயக்குநர்கள் பட்டியலின் நடுவிலேயே மாலை மரியாதையோடு ஓய்வுபெற்றுப் போனார்கள். நிலையத்தின் வரலாறு அவ்வளவுதான்.

இருபத்தாறு வருஷமாகப் பெயர் வாசிப்பவள் ஆவுடைத்தங்கம். அஞ்சலட்டை போட்டவர்கள் தங்கள் பெயர் வரும்வரை வானொலிப் பெட்டியின் பக்கத்தில் நிற்பார்கள். பெயர் வந்ததும் உட்கார்ந்துவிடுவார்கள். நின்றபடியே கல்யாணம் முடித்து, நின்றபடியே பேரன் எடுத்தவர்கள் உண்டு. அவர்களை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

செவ்வாய்க்கிழமை காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து சற்குணம் என்ற அதிகாரி வந்தார். அன்று தாழ்வாரம் நீண்டிருந்தது. அவர் ஒலிபரப்பு அறைக்கு வந்து சேர மாலையாகிவிட்டது. வழியிலேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார்.

“நாலு மணிக்குள்ள பாட்டு போயாகணும்மா. இல்லேன்னா நிலையத்துக்குப் பூட்டு.”

“இன்னும் பதினோரு மூட்டை அட்டை இருக்கு சார்.”

“பேர விட்டுட்டுப் பாட்டப் போடுங்க.”

“நிக்காங்களே சார்.”

“எத்தன பேரு?”

“நாலாயிரம் பேரு இருக்கும். ஒரு குதிரையும் இருக்கு.”

“குதிரை எப்படியும் நிக்கும்” என்றார் சற்குணம். மணி மூன்று ஐம்பது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பெயரை விட்டால் நாலாயிரம் பேர் சாகிறவரை நிற்பார்கள். நிலையத்தைப் பூட்டினாலும் நிற்பார்கள். ஆவுடைத்தங்கம் பக்கத்து அறைக் கதவைத் திறந்தாள்.

உள்ளே பாடகர் மாடக்கண்ணு வில்லோடு தயாராக இருந்தார். நிலையம் திறந்த அன்று வந்தவர். அட்டை மூட்டைகளை வைக்க வேறு இடம் கிடையாது. அவற்றின்மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, பாடுதியளா?”

“எப்பம்?”

“இப்பம்.”

“மொதல்லயே சொல்லியிருந்தா தொண்டையச் செருமி வச்சிருப்பேன்லா தாயி.”

கதைக்குள் போகுமுன் சபைக்கு வணக்கம் சொல்வது வில்லுப்பாட்டின் முறை. மாடக்கண்ணு வில்லைத் தட்டிக் கண்ணை மூடினார். பூவாணி மாசானத்துக்கு வணக்கம் என்று பாடினார். மாசானத்தின் பெஞ்சாதி செல்லக்கனிக்கு வணக்கம் என்றார். அவர்கள் வீட்டுக் குதிரைக்கும் வணக்கம் வைத்தார்.

ஆவுடைத்தங்கம் ஒரு மூட்டையைப் பிரித்தாள். அட்டைகளில் மேலிருந்து கீழாக அவர் பாடிய அதே வரிசை.

“இதெல்லாம் எப்பம் படிச்சிய?”

“வேற என்ன வேல எனக்கு” என்று ராகத்திலேயே சொல்லிவிட்டு அவர் அடுத்த பெயருக்குப் போனார்.

“இது பாட்டா, பேரா?” என்று கேட்டார் சற்குணம்.

“பாட்டுதான் சார். தாளம் இருக்குல்லா.”

அவர் கொஞ்ச நேரம் தாளத்தைக் கேட்டார். ‘பாட்டு தொடங்கியது, 3.59’ என்று எழுதிக்கொண்டு தாழ்வாரத்தில் நடக்கத் தொடங்கினார்.

வெளியே ஊர் ஊராக ஆட்கள் உட்காருகிற சத்தம் கேட்டது. ஆவுடைத்தங்கத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மாடக்கண்ணு அண்ணாச்சிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒரு டம்ளர் சுக்குத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

வணக்கம் முடிய ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் நாலாயிரம் அட்டைகள் வந்தன. ஒருவரும் பாட்டுக் கேட்கவில்லை. நன்றி என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எழுத்து ஆடாமல் அசையாமல் நேராக இருந்தது. எல்லாம் உட்கார்ந்து எழுதியவை.