ஜோக்கிமின்ர ரெண்டாவது ஆணி

என்ர மனுசன் ஜோக்கிம் உயிரோட இருக்கேக்கையும் ஒரு வேலையை முழுசா முடிச்சதில்லை. தேத்தண்ணிக் கோப்பையில ஒரு மிடறு மிச்சம் விடுவார். சேர்ட்டில கடைசித் தெறி பூட்டமாட்டார். செத்தும் அந்தப் பழக்கம் போகேல்லை.

நாங்கள் இருந்தது பலேர்மோவுக்குப் பக்கத்தில மொண்டெல்லோவில, ஒரு இத்தாலிக்கார அம்மாவின்ர தோட்டத்துச் சின்ன வீட்டில. சிஞோரா எண்டுதான் அவவைக் கூப்பிடுவம். நான் அவவுக்குச் சமையல், துப்பரவு. அவர் கூரை வேலை. பலேர்மோவில எல்லாரும் மண் ஓடு போட, சிஞோராவுக்கு மட்டும் கனடாவில கண்ட மாதிரி சீடர் மரக் கூரை வேணுமாம். மெல்லிசாச் சீவின பலகை ஓடுகள் துறைமுகத்தில பெட்டி பெட்டியா வந்திறங்கிச்சு. பிரிச்ச உடனை வீடு முழுக்க மணம். அதை ஜோக்கிம் நாங்கள் இருந்த சின்ன வீட்டிலதான், எங்கட தலைக்கு மேலை அடிச்சார்.

ஒரு ஓட்டுக்கு ரெண்டு ஆணி, வலப்பக்கம் ஒண்டு, இடப்பக்கம் ஒண்டு. மேல் வரிசை வந்து ஆணித்தலையளை மூடிப்போடும். ஒரு ஆணிக்கு அவர் ரெண்டு அடி அடிப்பார், மெல்ல ஒண்டு, ஓங்கி ஒண்டு. நேரம் கிடைச்சால் நான் கீழை நிண்டு ஓடு எடுத்துக் குடுப்பன்.

போன ஓகஸ்ற், ஷிரொக்கோ எண்ட சுடுகாத்து வீசின ஒரு பின்னேரம் நான் குசினியில நிண்டன். மேலை மெல்ல ஒண்டு, ஓங்கி ஒண்டு. அடுத்த ஆணிக்குக் காது குடுத்துக்கொண்டு நிண்டன், சத்தம் வரேல்லை. ஓடிப்போய்ப் பாத்தால் எலுமிச்சை மரத்தடியில கிடந்தார். வெக்கைக்குத் தலை சுத்தி விழுந்திருப்பார் எண்டு டொக்டர் சொன்னார்.

மிச்சக் கூரையைத் தறப்பாள் போட்டு மூடினவை. அடக்கம் முடிஞ்ச கிழமை, பொழுது சாயிற நேரம், மேலை சத்தம். மெல்ல ஒண்டு, ஓங்கி ஒண்டு. பிறகு ஒண்டுமில்லை. அடுத்த நாளும் கேட்டுது, அதுக்கடுத்த நாளும் கேட்டுது. வெயிலுக்குக் காய்ஞ்ச மரம் வெடிக்குது எண்டு எனக்கு நானே சொல்லிப் பாத்தன். மரம் என்ன, கணக்கு வைச்சே வெடிக்கும்? மற்ற ஆணிக்குக் காத்திருந்து காத்திருந்து எனக்குச் சோறு இறங்கேல்லை. "இஞ்சேருங்கோ, அடிக்கிறதெண்டால் அடிச்சு முடியுங்கோ. இல்லாட்டி என்னை நித்திரை கொள்ள விடுங்கோ" எண்டு முகட்டைப் பாத்துப் பேசியும் போட்டன்.

மழை தொடங்க, மிச்சத்தை முடிக்க விமலராஜ் வந்தான். அவரோட சோடியா வேலை செய்தவன். சத்தத்தைப் பற்றி அவனுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தன். தறப்பாளை விலக்கிப் பாத்திட்டு, உடனை ஏணியால இறங்கி வந்தான்.

"அக்கா, கடைசி ஓட்டில ஒரு ஆணிதான் கிடக்கு. அதுதான் அண்ணர் திரும்பித் திரும்பி வாறார். மற்றதையும் அடிச்சு விட்டால் ஆள் நிம்மதியாப் போயிடும்."

"நீ விடு. என்ர மனுசன், நானே அடிக்கிறன்" எண்டன்.

அவன் சுத்தியலும் ஆணியளும் தந்து ஏணியைப் பிடிச்சான். மேலை ஏறி அந்த ஓட்டைக் கண்டன். வலப்பக்கம் ஆணித்தலை. இடப்பக்கம் அவர் பென்சிலால போட்ட புள்ளி மட்டும். ஆணியைப் புள்ளியில வைச்சுச் சுத்தியலை ஓங்கினன். ஆள் போயிடும் எண்டானே, அது எனக்கு அப்பத்தான் உறைச்சுது. போயிட்டால், பின்னேரத்தில இந்த வீட்டுக்கு வாறதுக்கு எனக்கு ஆர் இருக்கினம்?

ஆணியைச் சட்டைப் பைக்குள்ளை போட்டன். வெறும் பலகையில தட்டினன், மெல்ல ஒண்டு, ஓங்கி ஒண்டு.

"அடிச்சாச்சோ அக்கா?" விமலராஜ் கீழை நிண்டு கேட்டான்.

"ஓம்" எண்டன். அவன் ஏறி வந்து பாக்க முந்தி, அங்கை மிச்சம் கிடந்த ஓடுகளை மேல் வரிசையா வைச்சு நானே அடிச்சு மூடினன். அதுகளுக்கு ரெண்டு ஆணியும் அடிச்சன்.

அண்டு பொழுது சாய, தேத்தண்ணியோட முகட்டைப் பாத்துக் குந்தியிருந்தன். வந்தார்.

ஞாயிறு பூசையில சுவாமியார் ஜோக்கிமின்ர பேரைச் சொல்லி, அவருக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டு மண்டாடினார். நானும் எல்லாரோடையும் சேந்து ஆமென் எண்டன். கைப்பைக்குள்ளை அந்த ஆணியைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டுதான் சொன்னன்.