தலையாட்டிய கிழவி

குளிர் விட்டுத் தொலைக்காத பொத்தோசி மலைநகர ஆஸ்பத்திரியில், நர்ஸ் பயிற்சியின் மூன்றாம் நாள். நான்காம் படுக்கைக்கு இன்சுலின் போடவேண்டும். "நீங்கதானே காசிமிரா அம்மா?" என்றேன். கிழவி சிரித்துத் தலையாட்டினாள். ஊசியைத் தோலருகே கொண்டுபோய்விட்டேன்.

"அடிப்பாவி, நிறுத்துடி! காசிமிரா நான்!" ஜன்னலோரப் படுக்கையிலிருந்து ஒருத்தி அலறினாள். "வெயில் காயத்தான் இடம் மாத்திக்கிட்டோம். அவளுக்குச் சர்க்கரையே கிடையாது!"

ஊசியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். கிழவியின் மணிக்கட்டுப் பெயர்ப்பட்டையைத் திருப்பினேன்: பிரிமித்திவா. பெயரை நோயாளி வாயாலேயே சொல்லவைக்க வேண்டும் என்ற பாடம் அப்போதுதான் உறைத்தது.

"பின்ன எதுக்குத் தலையாட்டினீங்க?" என்று கத்தினேன்.

"வெள்ளை உடுப்புக்காரங்க கேட்டா நாங்க இல்லேங்கமாட்டோம் தாயி. செத்துட்டியான்னு கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன்."