செல்வமேரி தூக்கிய விளக்கு

உபதேசியார் ஏசுராஜ் வாசலில் நின்று செருமியபோது செல்வமேரி பெட்ரோமாக்ஸ் விளக்கின் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். காப்பிப் பழம் பறித்த கறை இன்னும் விரல்களில் இருந்தது. அவர் வந்த காரியம் அவளுக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எஸ்டேட் லைன் வீடுகளுக்குக் கேரல் பாடிப் போகும் கூட்டத்தின் முன்னால், இந்தக் கோயில் விளக்கைத் தலையில் வைத்து நடந்தவர் அவள் புருஷன் அருள்சாமி. மற்ற நாளெல்லாம் செடி கழிக்கும் கவாத்துக் கத்தியோடு அலைகிற மனுஷன், அந்த வாரம் மட்டும் ராஜா மாதிரி நடப்பார். வாசலுக்கு வாசல் விளக்கை இறக்கி, கையால் உயரத் தூக்கிப் பிடிப்பார். அவர்கள் வீட்டு வாசலிலும் அப்படித்தான். கண்கூசும் வெளிச்சத்துக்குப் பின்னால் அவர் முகம் அவளுக்குத் தெரிந்ததே இல்லை. திரும்பி வந்ததும், லைனிலேயே நம் வீடுதான் அழகு என்பார். எல்லாம் ஒரே அச்சில் கட்டின வீடு, இதில் என்ன அழகைக் கண்டீர் என்று இவள் கேலி செய்வாள். இந்த ஆடியில் காய்ச்சல் கண்டு படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

உபதேசியார் பொல்லாதவர் அல்ல. பனி அதிகம் என்றார், பிள்ளைகளுக்கெல்லாம் இருமல் என்றார், ஊரைச் சுற்றிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"துக்க ஊடுங்க. இந்த வருசம் உங்க வாசல்ல பாட வேண்டாமுன்னு பெரியவங்க சொல்றாங்க. வெளக்கை மட்டும் வாங்கிட்டுப் போலாமுன்னு வந்தனுங்க."

துக்க வீட்டில் நட்சத்திரம் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. அது அவளுக்கும் தெரிந்த முறைதான். ஆனால் பாட்டும் இல்லை என்றதும் துடைத்த கண்ணாடியைக் கீழே வைத்தாள். ஆடியிலிருந்து அவளுக்கு ஜெபம் வரவில்லை. மண்டியிட்டால் வாய் அசையும், மனசு கல்லாகக் கிடக்கும். கேரல் வரட்டும், வாசலில் நின்று அந்தப் பாட்டைக் கேட்டால் கல் இளகும் என்று அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். மரியாதை என்ற பெயரில் அதையும் பிடுங்கிக்கொண்டால் அவள் எங்கே போவாள்?

"சாவு வந்த ஊட்டுக்குத்தானுங்க பொறப்பு வரோணும்," என்றாள். குரல் உயரவில்லை. "வெளக்கை நானே தூக்கிட்டு வர்றனுங்க."

கேரலுக்குப் பெண்பிள்ளை விளக்குத் தூக்கி அங்கே யாரும் பார்த்ததில்லை. அருள்சாமியின் வெளிச்சத்தில் அத்தனை வருஷம் பின்னால் நடந்தவர் உபதேசியார். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

பொழுது சாயும்போதே காப்பித் தோட்டத்தைப் பனி மூடிவிட்டது. செல்வமேரி பம்பு அடித்து விளக்கை ஏற்றினாள். கதவைச் சாத்திவிட்டு, சும்மாடு கூட்டி, விளக்கைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பெரியவர்கள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்து என்ன, அந்தப் பனியில் வெளிச்சம் இல்லாமல் யார் நடப்பது? முன்னேர் போன வழிதானே பின்னேரும். துக்கக்காரி கொஞ்சம் குனிந்து நடக்கலாமே என்று யாருக்காவது தோன்றியிருந்தால், தலையில் எரிகிற விளக்கை வைத்திருப்பவள் எப்படிக் குனிவாள்? அருள்சாமியின் பெண்டாட்டி நிமிர்ந்துதான் நடந்தாள். அதில் அவளுக்குப் பெருமையாகவே இருந்தது.

எல்லா வீடும் பாடி முடிந்து, கடைசியில் அவள் தன் வீட்டுப் பக்கம் திரும்பினாள். பின்னால் பேச்சு நின்றது. உபதேசியார் தொடர்ந்து வந்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விளக்கோடு தான் வெளியே நின்றால், உள்ளே நின்று பாட்டை வாங்கிக்கொள்ள ஆள் ஏது?

கதவு திறந்திருந்தது. பக்கத்து வீட்டுக் கண்ணாயி, மலைச்சாமி சேர்வராயனைத் தவிர வேறு சாமி அறியாதவள், தன் வீட்டில் சுட்ட கச்சாயப் பலகாரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு நிலைப்படிக்குள் நின்றிருந்தாள். செல்வமேரி பூசைக்குப் போகும்போது செய்வதுபோல முக்காடு வேறு போட்டிருந்தாள்.

"வாசல்ல ஆளில்லாம எப்பிடிக்கா பாடுவாங்க?" என்றாள்.

உபதேசியார்தான் முதலில் பாட்டை எடுத்தார். செல்வமேரி விளக்கை இறக்கி, இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்தாள். பனிக்குள்ளிருந்து அவள் வீடு எழுந்து வந்தது. வெள்ளையடித்த சுவர், பச்சைக் கதவு, வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிலைப்படியில் ஒருத்தி. வருஷா வருஷம் அருள்சாமி பார்த்தது இதைத்தான். மனுஷன் பொய் சொல்லவில்லை. நெஞ்சுக்குள் ஜெபம் தானாக ஓடத் தொடங்கியது. பாட்டு முடிந்த பிறகும், கை கடுக்கக் கடுக்க, அவள் விளக்கை இறக்கவில்லை.