ஆர்வோவின் கையுறை நூல்

அந்த நவம்பரில் சுப்பீரியர் ஏரிக்காற்று ஆர்வோ லம்பினெனின் நிலத்தில் பதினேழு ஸ்ப்ரூஸ் மரங்களைச் சாய்த்தது. பதினெட்டாவது மரம் தானாகவே படுத்துக்கொண்டது. மற்றவை விழுந்ததைப் பார்த்து அதற்கு மனம் விட்டுப்போயிருக்கும்.

கிளைகளை அரைக்க ஆர்வோ ஏலத்தில் ஒரு பழைய சிப்பர் எடுத்தான். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, டிராக்டரின் சுழல்தண்டால் ஓட்டுவது. முன்பு வைத்திருந்தவர் அதில் ஒரு தந்திக்கம்பத்தைப் போட்டாராம். மறுபக்கம் மூன்று செய்திகள் வந்து விழுந்தனவாம். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அதனால் நம்பினேன்.

மாட்டித்தர என்னைக் கூப்பிட்டான். ஆர்வோவுக்கு என் வயதுதான், எழுபத்திரண்டு; பத்து விரல். அந்தப் பத்தும் பத்தாகவே வீடு திரும்பும் என்று அவன் மனைவி ஹில்யாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கொட்டகைக்குப் போனேன்.

தண்டு நீளமாக இருந்தது. அப்படியே மாட்டிச் சிப்பரைத் தூக்கினால், ஒன்றுக்குள் ஒன்று போகும் அதன் இரண்டு குழாய்களும் முட்டிக்கொண்டு பற்சக்கரப் பெட்டியைப் பிளந்துவிடும். அளந்து இரண்டையும் சமமாக அறுத்தோம், பிசிறை அரத்தால் ராவினோம். மேலுறையையும் அதே அளவு வெட்டி, அது தண்டோடு சேர்ந்து சுற்றாதபடி சங்கிலி போட்டோம். கடைசியாக, தண்டுக்கும் சிப்பருக்கும் நடுவே மெலிந்த போல்ட் ஒன்றை மாட்டினேன்.

"என்னடா ரெய்னோ, வெண்ணெய்ல செஞ்ச போல்ட்டா? கெட்டியா ஒண்ணு போடு."

"மரம் சிக்குனா இது ஒடியணும்டா. இது ஒடியலைன்னா மெஷின் ஒடியும்."

"ஒடியறதுக்குன்னே ஒரு சாமானா? என் கையுறை நூல் மாதிரில்ல இருக்கு!"

ஆர்வோ கையுறைகளைத் தொலைப்பதில் மன்னன். அதனால் ஹில்யா சின்னப் பிள்ளைகளுக்குச் செய்வதுபோல இரண்டு கையுறைகளையும் ஒரே சிவப்புக் கம்பளி நூலில் கட்டி, கோட்டுக் கைகளுக்குள் ஓடவிட்டிருந்தாள். அந்த நூல் அந்தக் குளிரில் ஐந்து முறை அறுந்திருந்தது. தூண்டில் நரம்பு போட்டுத் தரச் சொன்னான். கடையில் தீர்ந்துவிட்டது என்றாள்.

"கையுறையக் கழட்டிட்டு வேலைய ஆரம்பி," என்றேன்.

"சரிங்க மாமியாரே," என்றான். கழற்றவில்லை.

சிப்பரின் வாயில் குறுக்காக ஒரு சிவப்புக் கம்பி இருந்தது. நெஞ்சு பட்டால் போதும், கிளையை உள்ளே இழுக்கும் உருளைகள் நின்றுவிடும். ஆர்வோவுக்கு நெஞ்சுக்கு முன்னால் தொப்பை போய்ச் சேரும். பத்து நிமிடத்தில் எட்டு முறை நின்றது.

"என் தொப்பையப் பார்த்தாலே சனியன் மூச்ச நிறுத்துது! கம்பியக் கட்டிப் போட்டுர்றேன். குறடக் குடு."

மெல்லிய கட்டுக்கம்பியால் அதை அசையாதபடி அவன் கட்டினான். குறடை எடுத்துக் கொடுத்தவன் நான். இந்தக் கதையில் பொய் கலக்க எனக்கு ஆசையிருக்கும் ஒரே இடம் இதுதான்.

அதற்குப்பின் நாலாவது கிளையில் கொக்கிபோல் வளைந்திருந்த சிம்பு அவன் கையுறையைப் பிடித்தது. கையுறை கையைவிட்டுக் கழன்று உருளைக்குள் போனது. நூல் இழுத்தது; ஆர்வோவும் பின்னாலேயே போனான். தொப்பை கம்பியில் மோதியது. கட்டிய கம்பி அசையவில்லை. நான் டிராக்டர் இருக்கையை நோக்கிப் பாய்ந்தேன். இரண்டே எட்டுதான், ஆனால் நடுவழியில் எனக்கு எழுபத்து மூன்று வயது முடிந்துவிட்டதாக ஞாபகம்.

சுழல்தண்டை நிறுத்தும் நெம்புகோலைத் தள்ளிவிட்டுத் திரும்பினேன்.

ஆர்வோ பனியில் மல்லாந்து கிடந்தான். கழுத்தோரம் அறுந்த நூல். சிப்பர் துப்பிய மரத்தூள் குவியலின்மேல் சிவப்புக் கம்பளி தூளாக விழுந்துகொண்டிருந்தது.

"அறுந்துடுச்சுடா," என்றான்.

"ஆறாவது தடவை," என்றேன்.

ஹில்யா ஓடி வந்து அவன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

"தூண்டில் நரம்பு அலமாரில ஒரு உருண்டை கெடக்குது, கிழவா. உன்னத் தெரிஞ்சுதான் கடையிலேயே மட்டமான நூலாப் பார்த்து வாங்கினேன்."

ஆர்வோ எழுந்து, யாரும் சொல்லாமலே குறடை எடுத்து, சிவப்புக் கம்பியைப் பிணைத்திருந்த கட்டுக்கம்பியை வெட்டி எறிந்தான். மிச்சமிருந்த கையுறையைக் கழற்றி ஹில்யாவிடம் கொடுத்தான்.

சாயங்காலம் சானாவில், அந்த நீராவிக் குளியலறையில், எனக்கெதிரே உட்கார்ந்து விரல்களை எண்ணினான். பத்து. மறுபடியும் எண்ணினான், பதினொன்று வந்தது. நான் திருத்தவில்லை.