உள்ளே இருக்கும் ஆள்

"வந்ததுக்கு ரொம்ப..." என்று ரூஃபினோ வாயெடுக்கும்போதே மைத்துனி புரிங் அவர் முழங்கையைக் கிள்ளினாள். வார்த்தையை விழுங்கிக்கொண்டு, வந்தவரின் கையில் காப்பிக் கோப்பையைக் கொடுத்தார்.

"எத்தனை தடவைடா சொல்றது? சாவு வீட்டுல நன்றி சொல்லக்கூடாது. வாசல்வரை போய் வழியனுப்பவும் கூடாது. இன்னொரு சாவைக் கூப்பிடுற மாதிரி."

"சரி மனாங்." அந்த ஊரில் அக்காவை மனாங் என்பார்கள், அண்ணனை மனோங்.

இந்தக் கட்டுப்பாடுதான் அவரைக் கொன்றது. மனைவி ஹெர்மியின் சவப்பெட்டியைச் சுற்றி எத்தனை பேர்! அவள் கணினிப் பிரிவில் வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து ஆயாக்கள்கூட வந்திருந்தார்கள். ஒருத்திக்காவது நன்றி சொல்ல முடியவில்லை. கண்ணாடி மூடிக்குக் கீழே ஹெர்மி, சர்வர் அறைக் குளிருக்குப் போடும் நீலக் கம்பளிச் சட்டையில் படுத்திருந்தாள். அதைத்தான் போட வேண்டும் என்று அவரே அடம்பிடித்திருந்தார்.

மதியத்துக்குமேல் ஜெரிக் வந்தான். ஹெர்மிக்குக் கீழே பல வருடம் வேலை செய்தவன், இனி அவளுடைய நாற்காலியில் உட்காரப் போகிறவன். தலையிலிருந்து மழைநீர் சொட்டியது. பெட்டியைப் பார்த்துச் சிலுவை போட்டுவிட்டு நேரே ரூஃபினோவிடம் வந்தான்.

"மனோங், உங்க படகு வேணும். இப்பவே."

"இந்த அலையிலயா? கடலோரக் காவல்படை எல்லாத்தையும் நிறுத்திட்டான்."

ஜெரிக் அழுதுவிடுவான் போலிருந்தது. தணிந்த குரலில் சொன்னான். தீவிலுள்ள சிறிய மருத்துவமனையின் சர்வரில் ஏதோ வைரஸ் மோதிக்கொண்டிருந்தது. கோப்புகளைப் பொதுவாக வைக்கும் பகிர்வு அடைவை நம் ஆட்கள் மட்டும் திறக்கும்படி, யாரை உள்ளே விடுவதென்று பார்க்கும் ஃபயர்வாலை இங்கிருந்தே மாற்ற நினைத்தான். முதலில் எல்லாரையும் தடு, அடுத்த வரியில் நம்மை மட்டும் விடு. முதல் வரி ஓடியதுமே அவனும் வெளியே விழுந்துவிட்டான். இரண்டாவது வரியைப் போட அவனுக்கே வழியில்லை.

"அங்க ஒரு பொண்ணு பிரசவ வலியில இருக்கா மனோங். ஸ்கேன் படம் அந்த அடைவுலதான் இருக்கு. இங்க டாக்டரால திறக்க முடியல. அங்க காத்துல செல்போன் கோபுரம் சாஞ்சிருச்சு. சர்வருக்குப் போற கம்பி மட்டும்தான் மிச்சம், அதையும் நானே அடைச்சிட்டேன். ஒரு வார்த்தை சொல்லவும் வழியில்ல. நாலு மணிக்குள்ள டாக்டர்கிட்டருந்து பதில் வரலேன்னா அவளைப் படகுல ஏத்திருவேன்னு மருத்துவச்சி காலையிலயே சொல்லிட்டா."

ரூஃபினோ ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். இருபது வருடமாக அந்த நீரிணையில் படகு விடுகிறவர் அவர். இன்று கிளம்புகிற படகு கரை சேராது. வலியெடுத்த பெண்ணோடு நிச்சயமாகச் சேராது.

ஆணியிலிருந்து மழைக்கோட்டை எடுத்தார்.

"பைத்தியமா உனக்கு?" புரிங் வழிமறித்தாள். "பொண்டாட்டி இன்னும் வீட்டுல கிடக்கா!"

மழைக்கோட்டில் ஒரு கையை நுழைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். இதே கோட்டுதான். இதே தப்புதான். கல்யாணத்துக்குமுன் ஹெர்மியும் ஒரு மழைநாளில் இப்படித்தான் தீவு சர்வருக்கு வெளியே தன்னைத்தானே பூட்டிக்கொண்டு துறைக்கு ஓடி வந்தாள். யாரும் படகெடுக்காதபோது இவர் எடுத்தார், கோட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு முழுக்க நனைந்தார். திரும்பும்போது அவள் சொன்னாள்: "உள்ள ஒரு ஆளை வச்சுட்டு வந்திருக்கேன். இனிமே யாராவது வெளிய பூட்டிக்கிட்டா அவன் திறந்து விடுவான். உங்க படகு தேவைப்படாது." அன்று இவர் முகம் செத்துப்போனது. அடுத்த வாரம் ஒரு கோளாறும் இல்லாமலே அவள் மறுபடி துறைக்கு வந்து நின்றாள்.

"ஜெரிக், உள்ள ஒரு ஆள் இருக்கான்."

"யாரு?"

"எனக்கென்ன தெரியும்? ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் ஃபயர்வால்ல பழைய விதியைத் திரும்பப் போட்டுருவானாம். ஹெர்மி வச்சது."

ஜெரிக் தலையை ஆட்டினான். "அப்படி ஒரு புரோகிராம் வச்சிருந்தாலும் அந்த மெஷின் இப்ப இல்ல மனோங். மாத்தியாச்சு."

"மாத்தினப்போ நான்தானே படகுல கொண்டுபோனேன். எல்லாம் முடிஞ்சும் கிளம்பாம வாட்ச்சைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. மணி அடிச்சதும் சிரிச்சா. போலாம்னா."

கோட்டைக் கழற்றவும் இல்லை, முழுதாகப் போடவும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் மூன்றாக இன்னும் கொஞ்சம் இருந்தது. ஜெரிக் பிஸ்கட் தட்டுகளைத் தள்ளிவிட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தான். பிங் போட்டான். இருக்கிறாயா என்று கூப்பிட்டுப் பார்க்கிற கட்டளை அது. பதில் இல்லை, பதில் இல்லை என்று வரிவரியாக வந்தது. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். புரிங் ஜெபமாலையை எடுத்தாள்.

மணி அடித்தது. பதில் இல்லை. மறுபடி பதில் இல்லை. ரூஃபினோ இன்னொரு கையையும் கோட்டுக்குள் நுழைத்தார்.

"மனோங்!"

திரையில் வேறு மாதிரி வரி வந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. ஜெரிக் வேகவேகமாகத் தட்டினான். அடைவு இணைந்தது, படம் திறந்தது. டாக்டரைக் கைபேசியில் கூப்பிட்டான். அவர் படத்தைப் பார்த்துச் சொல்லும்வரை கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"தலை கீழேதான் இருக்காம். அங்கயே பிறக்கட்டுமாம். படகுல ஏத்தக்கூடாதுன்னு இதே இணைப்புல மருத்துவச்சிக்குச் சொல்லிட்டாரு. அவளும் சரின்னு எழுதிட்டா."

ஜெரிக் எழுந்து பெட்டியருகே போனான். "மனாங் ஹெர்மி, ரொம்ப..." என்று தொடங்கினான்.

"ச்சு!" என்றாள் புரிங். ஆனால் அவளும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

புறப்படும்போது ஜெரிக் கேட்டான். "கம்ப்யூட்டர் இங்கயே இருக்கட்டும், ராத்திரி வந்து எடுத்துக்கறேன். பிங்கை நிறுத்திடவா மனோங்?"

"ஓடட்டும்."

வாசல்வரை போக முடியாது என்பதால் ரூஃபினோ நின்ற இடத்திலிருந்தே தலையசைத்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தீவிலிருந்து பதில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. புரிங் கஞ்சி கிளற அடுக்களைக்குள் போகும்வரை காத்திருந்தார். பிறகு பெட்டியின்மேல் குனிந்தார். உதடுகள் அசைந்தன. ஹெர்மியின் முகத்துக்கு மேலே கண்ணாடியில் மூச்சுப் படிந்து மங்கியது.

அவர் துடைக்கவில்லை. அது தானாகத் தெளியும்வரை அங்கேயே நின்றார்.