அமிர்தலிங்கத்தின் வடக்கு

லாபு எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் இருபது வருஷம் குந்தியே சமைத்தவள் திலகா. புது வீட்டில் அவள் வாய்விட்டுக் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்றுதான்: நின்று சமைக்க ஓர் அடுப்பு மேடை. அதை இடிக்கத்தான் கணவர் இராஜமாணிக்கம் இப்போது சுத்தியல் தேடிக்கொண்டிருந்தார்.

வாஸ்து பார்க்கும் அமிர்தலிங்கம் மூன்று முறை வந்து, மூன்று முறையும் மேடைமேல் திசைகாட்டியை வைத்து, "சமைக்கிறவங்க எமன் மூஞ்சியப் பாத்து நிக்கிறாங்க. தெற்கு லா இது," என்று சொல்லிவிட்டார்.

"காலையில வெயிலு என் கண்ணுல அடிக்குதே," என்றாள் திலகா.

"சூரியன நம்ப முடியாதும்மா."

மகள் மோகனா பல்லைக் கடித்தாள். அந்த வம்சத்தின் முதல் பட்டதாரி, அதுவும் இயற்பியல். சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, டிவி ரிமோட் பழுதானால் மட்டும் அவளைக் கூப்பிடுகிற வீடு.

நான்காம் முறை, இடிக்கிற இடத்தில் கோடு போட அமிர்தலிங்கம் வந்தார். கால் கழுவாமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய மாட்டார். நனையாமலிருக்கத் திசைகாட்டியை மோகனாவிடம் நீட்டினார். அவள் அதை மேடையில் வைத்தாள். முள் ஒழுங்காக வடக்கைக் காட்டியது. அடுப்பு முன் நின்றால் முகம் கிழக்கு பார்த்தது.

வாசல் தொட்டியில் தண்ணீர் நிரப்பத் திலகா பம்பு சுவிட்சைத் தட்டினாள். முள் சுழன்று மேற்கே போய் நின்றது. அதை வடக்கு என்று நம்பினால் கிழக்கு தெற்காகிவிடும்.

"அப்பா, இந்தச் செவுத்துக்குள்ள என்ன ஓடுது?"

"பம்பு ஒயருலா. மேல இருக்கிற சோலார் பேட்டரிலேர்ந்து வருது. நானே இழுத்தேன்." இராஜமாணிக்கத்துக்குப் பெருமை. "செவப்பு இந்தச் செவுரு, கறுப்பு அந்தச் செவுரு. ஒண்ணா விட்டா சண்ட போட்டுக்கும்ல."

"சண்ட போட விட்டிருக்கணும்பா. கரண்டு ஓடுற ஒயரச் சுத்திக் காந்தம் உண்டாகும். ரெண்டும் ஒட்டிப் போனா ஒண்ணோட காந்தத்த இன்னொண்ணு அடிச்சிரும். நீங்க பிரிச்சு விட்டுட்டீங்க. இவரு வந்தா அம்மா பம்பு போடுறாங்க, முள்ளு ஓடுது. எமன் வரல. இவரு கால் கழுவ வராரு."

அமிர்தலிங்கம் ஈரக்காலோடு வந்து குனிந்தார். மோகனா சுவிட்சை அணைத்தாள். முள் வடக்குக்குத் திரும்பியது. போட்டாள், மேற்கே ஓடியது.

"காந்தமும் ஒரு சக்திதானேம்மா," என்று இழுத்தார் அவர். "சக்தி இருக்கிற எடத்துல அடுப்பு..."

இராஜமாணிக்கம் சுத்தியலை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். திலகா வந்து அதை வாங்கி அடுப்புக்கு அடியில் தள்ளினாள். பிறகு சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டாள்:

"ஐயாவுக்கு வடக்கு எந்தப் பக்கம் வேணும்? சொல்லுங்க, போட்டுத் தாரேன்."