முகவரி மாற்றும் பெருந்திட்டம்

அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் தலைவர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். கையெழுத்துப் போட்டே காலம் தள்ளியவருக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது. மலையுச்சியில் சங்கத்தின் ரேடியோவை இணையத்தோடு இணைக்கும் ரூட்டருக்குப் பழைய எண்முகவரிகள் போய்ப் புதியவை வர வேண்டியிருந்தது. அதற்குத் தலைவர் நாற்பத்திரண்டு ஸ்லைடு போட்டார். முதல் ஸ்லைடில் அவர் படம்.

சைக்கிள் கடை மாடியில் கூடிய கூட்டத்தில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் மட்டும் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தார். அதே மலையுச்சியின் வானிலை நிலையத்தில் அவர் மச்சான் காய்ச்சலோடு தனியாகக் கிடந்தார். அங்கே செல்போன் எடுக்காது. மண் சரிந்த பாதை திறக்க மூன்று வாரமாகும். தினமும் மாலை ஆறு மணிக்கு மெக்கானிக்கின் மனைவி இந்த அறைக்கு வந்து, அந்த ரேடியோ வழியாகத்தான் அண்ணன் குரலைக் கேட்பாள்.

“சார், அந்த இணைப்பு வழியா போய்த்தான் அந்த ரூட்டரையே மாத்தப் போறோம். ஒரு எண் தப்பினாலும் கதவு சாத்திக்கும். அப்புறம் மலைக்கு யார் ஏறிப் போறது?”

“தப்பாது. எல்லாம் ஸ்லைடுல இருக்கு.”

“இருக்கட்டும் சார். பத்து நிமிஷத்துல தானா அணைஞ்சு எழுந்திருன்னு முதல்லயே ஒரு கட்டளை குடுத்துடுவோம். புதுசை சேமிக்காம விட்டா, எழும்போது பழைய முகவரியோடதான் எழும். சரியா வந்துட்டா கட்டளையை ரத்து பண்ணிக்கலாம்.”

தலைவர் முகம் சுண்டியது. “கல்யாணத்தன்னைக்கே விவாகரத்துப் பத்திரம் எழுதி வைக்கிற மாதிரியில்ல இருக்கு?”

“கையெழுத்துப் போடாம வெச்சுக்கலாம் சார்.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் தலைவர் சம்மதித்தார்.

சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு, மெக்கானிக் பத்து நிமிடக் கட்டளையைக் கொடுத்த பிறகு, தலைவர் தம் திருக்கரத்தால் பட்டனைத் தட்டினார். இணைப்பு செத்தது. பதினேழாம் ஸ்லைடில் 4 இருக்க வேண்டிய இடத்தில் 9 குந்தியிருந்தது.

“ரூட்டர் புது இடத்துக்குப் பழகிக்கிட்டிருக்கு” என்று அறிவித்துவிட்டுத் தலைவர் விடாமுயற்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

சீக்கிரமே வந்துவிட்ட மனைவி, கணவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். “போச்சா?”

“பத்து நிமிஷம் பொறு.”

“பொறுமை வேணும்மா” என்றார் தலைவர்.

“எனக்கு இருக்கு சார். காய்ச்சல்தான் பொறுக்காது.”

பத்து நிமிடம் ஆயிற்று. பதினொன்று. பன்னிரண்டாவது நிமிடத்தில் ரூட்டர் பழைய முகவரியோடு எழுந்து பதில் சொன்னது. விடாமுயற்சி அப்போதுதான் பாதிக்கு வந்திருந்தது.

“கொஞ்சம் நகருங்க சார்.” மெக்கானிக் மறுபடியும் பத்து நிமிடக் கட்டளையைக் கொடுத்தார். 9 இருந்த இடத்தில் 4 போட்டார். இந்த முறை இணைப்பு ஒரு நொடி அறுந்து, புது முகவரியில் திரும்பி வந்தது. இரண்டு தடவை சரிபார்த்துச் சேமித்த பிறகே கட்டளையை ரத்து செய்தார்.

ஆறு மணிக்கு மச்சானின் அடைத்த குரல் வந்தது. தங்கை வாயெடுக்கும் முன் தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

“புதிய கட்டமைப்பில் எங்கள் குரல் எவ்வாறு உள்ளது? ஓவர்.”

இரைச்சலுக்கு நடுவே மச்சானின் பதில் வந்தது.

“ஏன், என்னத்தை மாத்தினீங்க? நேத்து மாதிரியேதான் கேக்குது. ஓவர்.”

தலைவர் சங்கச் செயலாளர் பக்கம் திரும்பி, “பிரமாதமா கேட்டதுன்னு எழுதிக்குங்க” என்றார்.

மனைவி மைக்கை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள்.

“அண்ணா, மாத்திரை போட்டியா இல்லையா?”